சுருட்டை முடியைப் பேணும் முறை

சுருட்டை முடி வாய்த்த மாணவியர் இரட்டைச் சடை பின்னுவதற்குள் படும் பாடு சொல்லி மாளாது. 'பரட்டை' என்ற பட்டம் வேறு! பழந்தமிழரோ கூந்தலை 'ஐம்பால்' என்று ஐவகையாக்கி, அவற்றுள் 'சுருள்' என்பதையும் சேர்த்தனர்.

மயிர்க்கால் வளைந்திருப்பதால் முடியும் வளைந்து வளர்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் நுனிவரை எளிதாக இறங்கும். சுருளில் இறங்குவது கடினம். அதனால்தான் நுனி காய்ந்து, சிக்கு விழுந்து ஒடிகிறது. காய்ந்த தலையைப் பேன் சீப்பால் இழுத்தால் கேட்க வேண்டுமா?

வாரம் ஒருமுறையோ இருமுறையோ தலைக்குக் குளித்தால் போதும். முன்னிரவே தேங்காய் எண்ணெயை நுனிவரை தடவுங்கள். சோப்பு வேண்டாம். நம் அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் பூமி. கடின நீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படிவாக முடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதை வேதியியல் படித்த அக்காமார் அறிவர். சீயக்காயோ அரப்போ அப்படிப் படிவதில்லை. குளிக்கும்போதே செம்பருத்தி இலையைக் கசக்கிய சாற்றைத் தடவி, வழுவழுப்பு இருக்கையில் முதலில் விரலாலும், பிறகு அகலப் பல் சீப்பாலும் சிக்கெடுக்க வேண்டும். நுனியில் தொடங்கி மேலே செல்லுங்கள். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கு இறுகும். பிறகு அலசி, பழைய பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள்; துண்டால் அடிக்காதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: முடி அடங்கவேண்டும் என்று சடையை இறுக்கிப் பின்னாதீர்கள். நாளடைவில் நெற்றியோரம் முடி உதிரும். அங்கே பறக்கும் சுருளை ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு நீவினாலே படிந்துவிடும்.