வீட்டுத் தோட்டத்தில் பொன்சாய் மரங்களைத் திருட்டிலிருந்து பாதுகாத்தல்

பொன்சாய் என்பது ஆழம் குறைந்த தொட்டியில் மரத்தை நட்டு, வேரையும் கிளையையும் கத்தரித்து, கம்பி சுற்றி வளைத்து, முதிர்ந்த பெருமரத்தின் தோற்றத்தைச் சிற்றுருவில் உருவாக்கும் ஜப்பானியக் கலை ஆகும். இது சீனாவின் பழைய தொட்டி மரக் கலையிலிருந்து வளர்ந்தது. ஜப்பானிய மொழியில் 'பொன்' என்பது ஆழமற்ற தட்டையும் 'சாய்' என்பது நடுதலையும் குறிக்கும். ஒருவர் கையில் தூக்கிச் செல்லும் அளவில் இருப்பதாலும் விலை மிகுதியாக இருப்பதாலும் இம்மரங்கள் திருடப்படுவதுண்டு. நகையைப் போல இவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது. எனவே இவற்றுக்கான பாதுகாப்பு முறைகளும் வேறுபடுகின்றன.

திருட்டுக்கு எளிதாக உள்ளாகும் காரணங்கள்

பைன், ஜூனிப்பர், மேப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்களுக்கு வெயில், காற்றோட்டம், பருவத்திற்கேற்ற குளிர் ஆகிய மூன்றும் தேவை. வீட்டுக்குள் தொடர்ந்து வைத்தால் அவை நலிந்துவிடும். ஆகவே ஆண்டின் பெரும்பகுதி திறந்தவெளி மேசைகளிலேயே இருக்கின்றன. பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று வாசலருகே வைக்கப்படுவதும் உண்டு. அத்தி, ஆல் போன்ற வெப்பமண்டல இனங்களைத் தேவைப்பட்டால் சில இரவுகள் உள்ளே வைக்கலாம். ஆனால் அவற்றுக்கும் பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

2019 சனவரியில் ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில், தலைமுறைகளாக இக்கலையில் ஈடுபட்டுள்ள ஒரு குடும்பத்தின் தோட்டத்திலிருந்து 7 மரங்கள் திருடப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 400 ஆண்டு பழமையான ஷிம்பாக்கு ஜூனிப்பர் மரமும் ஒன்று. மொத்த மதிப்பு குறைந்தது 1 கோடியே 30 லட்சம் யென் என்று மதிப்பிடப்பட்டது. அக்குடும்பத்தினர் சமூக வலைத்தளம் வழியாக, மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும்படி எடுத்துச் சென்றவர்களிடமே வேண்டினர்.

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திலுள்ள பசிபிக் பொன்சாய் அருங்காட்சியகத்தில் 2 மரங்கள் களவு போயின. அவற்றுள் ஒன்றான கரும்பைன், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்ட ஒரு ஜப்பானிய அமெரிக்கர் தகரக் குவளையில் விதையிட்டு வளர்த்தது. செய்தி ஊடகங்களில் பரவிய சில நாள்களிலேயே இரு மரங்களும் அருங்காட்சியகத்தின் அருகே விட்டுச் செல்லப்பட்டன.

ஆழமற்ற தொட்டியில் மண் மிகக் குறைவு. கோடையில் ஓரிரு நாள் நீரின்றி இருந்தாலே சில மரங்கள் பட்டுப்போகும். எனவே பொன்சாய் திருட்டில் பொருள் கைமாறுவதோடு, தலைமுறைகளின் உழைப்பே சில நாள்களில் அழியக்கூடும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

தெருவிலிருந்தோ மதிலுக்கு மேலாகவோ கண்ணில் படாத இடமே முதல் பாதுகாப்பு. மதிப்புமிக்க மரங்களை வீட்டின் பின்புறத்திலும், எளிதில் ஈடுசெய்யக்கூடிய இளம் மரங்களை முன்புறத்திலும் வைக்கலாம். மொட்டைமாடியில் வளர்ப்போர் மாடிக் கதவையும் வெளிப்படிக்கட்டையும் இரவில் பூட்ட வேண்டும். மறைவுக்காக நிழலான மூலையில் வைப்பது மரத்திற்குக் கேடாகும்; வெயிலும் காற்றும் உள்ள இடமாகவே அது இருக்க வேண்டும்.

தொட்டியைப் பிணைத்தல்

மரம் காற்றில் சாயாமலிருக்க, தொட்டியின் அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியாகக் கம்பி செலுத்தி வேர்த்திரளைக் கட்டுவது வழக்கம். அதே துளைகள் வழியாக மெல்லிய எஃகு வடம் ஒன்றையும் கோத்து மேசையோடு பூட்டலாம். இதைச் செய்ய, வேர் கத்தரித்து மண் மாற்றும் பருவமே ஏற்றது. மேசையின் கால்கள் தரையில் பதிக்கப்பட்டிருந்தால்தான் இதனால் பயன் உண்டு.

வடத்தைத் தண்டில் இறுக்கிக் கட்டக்கூடாது. தண்டு பருக்கும்போது அது பட்டையில் பதிந்து ஆறாத வடுவாகும். துளையை அடைத்து நீர் வடிவதைத் தடுக்கவும் கூடாது. எந்தப் பூட்டும் திருட்டை முழுமையாகத் தடுக்காது. எடுத்துச் செல்ல ஆகும் நேரத்தைக் கூட்டுவதே இதன் நோக்கம்.

விளக்கும் படக்கருவியும்

அசைவை உணர்ந்து எரியும் விளக்கு, நடந்தால் ஒலியெழுப்பும் சரளைக்கல் பாதை, கதவில் மணி ஆகியவை குறைந்த செலவில் அமையக்கூடியவை. கண்காணிப்புப் படக்கருவியை மரங்களை நோக்கி மட்டுமன்றி, நுழைவழியில் வருபவரின் முகம் தெரியும் உயரத்திலும் பொருத்த வேண்டும்.

அடையாளப் பதிவு

மீட்கப்பட்ட மரம் தம்முடையதே என்று நிறுவ உரிமையாளருக்குச் சான்று தேவை. கிளைகள் கத்தரிக்கப்பட்டாலோ தொட்டி மாற்றப்பட்டாலோ தோற்றம் மாறிவிடும். எளிதில் மாறாதவை அடித்தண்டின் வளைவு, மேல்வேர்களின் பரவல், பழைய வெட்டுத் தழும்புகள், பட்டுப்போன மரப்பகுதியின் வரிகள் ஆகியனவே. ஆகவே,

- நான்கு பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை ஒளிப்படம் எடுத்தல்,
- வேர்ப்பகுதியையும் தழும்புகளையும் அருகிலிருந்து படமெடுத்தல்,
- தொட்டியின் அடியிலுள்ள குயவர் முத்திரையைப் பதிவு செய்தல்,
- உயரம், தண்டின் சுற்றளவு, வாங்கிய நாள், ரசீது ஆகியவற்றைக் குறித்து வைத்தல்

ஆகியவை இன்றியமையாதவை. செல்லப்பிராணிகளுக்குப் பொருத்தும் அரிசிமணி அளவிலான மின்னணுச் சில்லைச் சிலர் அடித்தண்டில் சிறு துளையிட்டுப் பதிக்கின்றனர். அது மரம் இருக்குமிடத்தைக் காட்டாது; படிப்பியை அருகில் கொண்டுசென்றால் எண்ணை மட்டும் காட்டும். எனினும் உரிமையை நிறுவ அந்த எண் உதவும்.

இணையத்தில் கவனம்

மரத்தின் படத்தோடு வீட்டு முகவரி, விலை, பயண நாள்கள் ஆகியவற்றைப் பொதுவெளியில் பகிர்வது திருடருக்கு வழிகாட்டுவதாகும். கைப்பேசிப் படங்களில் இருப்பிடத் தகவல் பதிவாகும் வசதியை நிறுத்தி வைப்பது நல்லது. வெளியூர் செல்லும்போது, நாள்தோறும் நீரூற்ற நம்பிக்கையான ஒருவரை ஏற்பாடு செய்தால், தோட்டத்தில் ஆள் நடமாட்டமும் இருக்கும்.

திருட்டு நிகழ்ந்த பின்

உடனே காவல் நிலையத்தில் படங்களுடன் புகார் அளிக்க வேண்டும். அருகிலுள்ள நாற்றுப்பண்ணைகள், பொன்சாய் சங்கங்கள், இணைய விற்பனைத் தளங்கள் ஆகியவற்றுக்கும் தெரிவிக்க வேண்டும். பலரும் அடையாளம் அறிந்த மரத்தை விற்பது கடினம். அறிவிப்பில் நீரூற்றும் முறையையும் வெயில் தேவையையும் சேர்த்து எழுதுவது பயனுள்ளது; மரம் யாரிடம் இருந்தாலும் மீட்கப்படும் வரை உயிரோடு இருக்க அது உதவக்கூடும்.

வாங்குவோருக்கும் இதில் பொறுப்பு உண்டு. முதிர்ந்த மரம் மிகக் குறைந்த விலைக்கு வந்தால், அதை வளர்த்தவர் யார், எந்த ஆண்டு மண் மாற்றப்பட்டது, பழைய படங்கள் உள்ளனவா என்று கேட்க வேண்டும். மரத்தைத் தாமே பல்லாண்டு பேணியதாகக் கூறுபவர் இவற்றுக்கு விடை சொல்ல இயலாவிட்டால் அம்மரத்தை வாங்காமல் தவிர்ப்பதே முறை.