ஏரி கணக்கில் வராத நகரம்

பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதைக் கழிக்க ஆளுக்கொரு வழி இருக்கிறது. என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு வீட்டுக்கு வந்திருந்தபோது, "நகரப் பொருளாதாரம் பாடம் நடத்தினீர்களே ஐயா, ஒரு நகரத்தை நீங்களே நடத்திப் பாருங்கள்" என்று சொல்லி, என் கணினியில் ஒரு விளையாட்டை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனார். 'எம்பரர்: ரைஸ் ஆஃப் த மிடில் கிங்டம்' என்பது அதன் பெயர். 2002-ஆம் ஆண்டு வெளிவந்த பழைய விளையாட்டு. ரோம், எகிப்து, கிரேக்க நகரங்களைக் கட்டும் விளையாட்டுகளுக்குப் பின் அதே வரிசையில் வந்த இது, பண்டைய சீனத்தின் சியா வம்சக் காலம் தொடங்கி சொங் வம்சக் காலம் வரையிலான நகரங்களை ஆடுபவரின் கையில் ஒப்படைக்கிறது.

வெற்று நிலத்தில் ஆட்டம் தொடங்குகிறது. சாலை போட வேண்டும். குடியிருப்புக்கு மனை ஒதுக்க வேண்டும். மக்கள் வந்து குடிசை போட்டுக்கொள்வார்கள். கிணறு வெட்டினால் தண்ணீர் சுமப்பவர் தெருவில் நடக்கத் தொடங்குவார். பிறகு மூலிகை மருத்துவர், கட்டட ஆய்வாளர், காவலர், சந்தையிலிருந்து தானியமும் சணல் துணியும் மண்பாண்டமும் கொண்டுவரும் விற்பனையாளர் என ஒவ்வொருவராக வர வேண்டும். இவர்கள் எந்தத் தெருவில் நடக்கிறார்களோ அந்தத் தெருவின் வீடுகள் மட்டுமே செழிக்கும். குடிசை ஓட்டு வீடாகும்; ஓட்டு வீடு மாளிகையாகும். ஒரு சேவை நின்றுவிட்டால் அதே வீடு படிப்படியாகத் தேய்ந்து, மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறுவார்கள்.

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முயன்ற ஒரு கருத்தை இந்த விளையாட்டு அரை மணி நேரத்தில் புரியவைத்துவிடுகிறது. ஒரு வீட்டின் மதிப்பு அதன் சுவரிலும் கூரையிலும் மட்டும் இல்லை; அதன் வாசலைக் கடந்து செல்லும் பொதுச் சேவைகளில்தான் பெரும்பகுதி இருக்கிறது என்பதே அது. அதே சமயம், இந்த விளையாட்டில் ஒன்று அடியோடு இல்லை என்பதைக் கண்டுகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. நிலத்துக்கு அங்கே விலை கிடையாது. நிலம் முழுவதும் அரசனுடையது. விற்பவரும் இல்லை; வாங்கிப் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருப்பவரும் இல்லை.

வரலாற்றில் இப்படி ஓர் அரசனின் ஆணையால் எழுந்த நகரம் உண்டு. சூய் வம்சப் பேரரசன் காலத்தில், கி.பி. 582-இல், யூவென் காய் என்ற அதிகாரி வகுத்த திட்டப்படி கட்டப்பட்டு, தாங் வம்சத்தின் தலைநகராகப் புகழ்பெற்ற சாங்கான் அது. இன்றைய சியான் நகரம் இருக்கும் இடம். ஏறத்தாழ 84 சதுர கிலோமீட்டர் பரப்பு. சதுரங்கக் கட்டங்களைப் போல நூற்றுக்கும் மேற்பட்ட பேட்டைகள்; ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி வாயில்கள். இரவானால் வாயில்கள் அடைக்கப்படும். வணிகம் செய்யக் கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என இரண்டே சந்தைகள். நண்பகலில் முரசு ஒலித்தால் சந்தை திறக்கும். பொழுது சாயும் முன் மூடிவிடும்.

அந்த ஒழுங்கு நிலைக்கவில்லை. சில நூற்றாண்டுகளுக்குப் பின் சொங் வம்சத்தின் தலைநகரான கைஃபெங்கில் பேட்டை மதில்கள் பொருளிழந்துபோயின. கடைகள் தெருவுக்கு வந்தன. இரவுச் சந்தைகள் நடந்தன. ஓவியர் ஜாங் சதுவான் தீட்டியதாகக் கருதப்படும் புகழ்பெற்ற நீள்சுருள் ஓவியத்தில் அந்தத் தெருவோரக் கடைகளையும் ஆற்றுப் பாலத்தின் நெரிசலையும் இன்றும் காணலாம். எங்கே வாழ வேண்டும், எங்கே விற்க வேண்டும் என்று அரசு கோடு கிழிக்கிறது. சந்தை அந்தக் கோட்டைத் தாண்டுகிறது.

இந்தக் கதையின் நம்மூர் வடிவத்தைக் காண நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மயிலாப்பூரில் பிறந்து, தியாகராய நகரில் இருபது ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்து, இப்போது அடையாறில் வசிப்பவன் நான். இவற்றுள் தியாகராய நகர்தான், அந்த விளையாட்டில் வருவதுபோல, வரைபடத்தில் முதலில் பிறந்து பிறகு தரையில் இறங்கிய பகுதி.

1920-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நெரிசலில் தவித்த நகரத்துக்குப் புதிய குடியிருப்புகள் தேவைப்பட்டன. மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைவரை நீண்டு கிடந்தது ஓர் ஏரி. ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்றே அழைத்தார்கள். அதன் நீரை வடித்து, மாம்பலம் பகுதியில் மனைகள் வகுக்கப்பட்டன. நடுவில் பனகல் பூங்கா; அதைச் சுற்றிச் சாலைகள். 1925-இல் மறைந்த நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்குச் சூட்டப்பட்டது. உஸ்மான் சாலை, நாயர் சாலை, ஜி.என். செட்டி சாலை என்று தெருப் பெயர்களில் அந்த இயக்கத்தின் வரலாறே எழுதப்பட்டிருக்கிறது. 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலம் நிலையத்தின் வழியாக நகரத்தின் இதயத்தோடு இது இணைந்தது.

திட்டமிட்டவர்கள் எண்ணியது ஓர் அமைதியான குடியிருப்புப் பகுதியை. ஆனால் ரயில் நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைக்கும் குறுகலான ரங்கநாதன் தெருவில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். நடமாட்டம் இருக்கும் இடத்துக்குக் கடை தேடி வரும். பாண்டி பஜாரும் அப்படித்தான் வளர்ந்தது. சாங்கான் கைஃபெங் ஆவதற்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன. தியாகராய நகருக்கு ஐம்பது, அறுபது ஆண்டுகளே போதுமானவையாக இருந்தன. கடைகள் வந்ததைக் குறையாகச் சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் செங்கல்பட்டிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வரும் குடும்பங்கள் தங்கள் வரவுக்குள் துணி எடுத்துக்கொண்டு திரும்ப முடிகிறதென்றால், அது இந்தத் தெருக்கள் செய்யும் பொருளாதாரப் பணி.

குறை வேறிடத்தில் இருக்கிறது. விளையாட்டில் கட்டட ஆய்வாளர் ஒரு தெருவில் நடந்தாலே போதும். அங்கே தீப்பிடிக்காது, கட்டடம் இடியாது. நம் நகரத்தில் நிலத்தின் விலை அந்த ஆய்வாளரைவிட வலிமையானதாகிவிட்டது. ஒரு மனையில் இரண்டு தளங்களுக்கு அனுமதி பெற்று ஐந்து தளங்கள் எழுப்பினால், கிடைக்கும் வாடகையோடு ஒப்பிடும்போது அபராதம் அற்பமாகிவிடுகிறது. 1998-இல் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு முறைப்படுத்த வழி செய்யப்பட்டது. 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெருவின் பல கட்டடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். பின்னர் அவை திறந்துகொண்டன. 2017 மே மாத இறுதியில் உஸ்மான் சாலையில் பல மாடித் துணிக்கடை ஒன்று ஒரு நாளுக்கும் மேலாக எரிந்து, ஒரு பகுதி இடிந்து விழுந்ததை நகரமே தொலைக்காட்சியில் பார்த்தது.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று தரைக்குக் கீழே இருக்கிறது. அந்த விளையாட்டில் ஏரியின் மீதோ ஆற்றின் மீதோ வீடு வைக்க முயன்றால், கணினி மறுத்துவிடும். எவ்வளவு செல்வம் இருந்தாலும் அந்த விதியை விலைக்கு வாங்க முடியாது. நாம் வாங்கினோம்.

அன்றைய ஆட்சியாளர்களை இன்று குறை சொல்வது எளிது. அவர்கள் பார்வையில் அது ஒரு பாசன ஏரி. வயல்கள் குறைந்து நகரம் நெருங்கியபோது, பாசனத்துக்குத் தேவைப்படாத ஏரி சும்மா கிடக்கும் நிலமாகவே அவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் ஏரி செய்த பணி பாசனம் மட்டுமன்று. பெருமழையைத் தாங்கிக்கொண்டது, நிலத்தடியை நனைத்தது. இந்த இரண்டு பணிகளுக்கும் சந்தையில் விலை கிடையாது. விலை இல்லாததால் மதிப்பும் இல்லை என்று கணக்கிட்டார்கள். பொருளியல் மாணவர் எவரும் செய்யக்கூடாத பிழை அது. அரசுகள் இன்றுவரை செய்துவரும் பிழையும் அதுவே.

மயிலாப்பூரை அமைத்தவர்கள் வேறு கணக்குப் போட்டிருந்தார்கள். அங்கே கோயிலையும் மாட வீதிகளையும் போலவே குளமும் ஊரின் நடுவில் இருக்கிறது. கபாலீசுவரர் கோயில் குளத்தையோ சித்திரக்குளத்தையோ தூர்த்து மனை போடலாம் என்று எவரும் துணியவில்லை. பக்தி அந்த நீருக்கு வேலியாக நின்றது. மாம்பலம் ஏரிக்கு அப்படி ஒரு வேலி இல்லை. அதன் நினைவாக மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற தெருப்பெயரும், நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்ற பகுதிப் பெயரும் எஞ்சியிருக்கின்றன.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது நாங்கள் மொட்டைமாடியில் நின்று நீரைப் பார்த்தோம். 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தோம். 2021 நவம்பரில் தியாகராய நகர் பல நாள் நீரில் நின்றது. வள்ளுவர் கோட்டம் அருகே தொடங்கி நந்தனத்தில் அடையாற்றைச் சேரும் மாம்பலம் கால்வாய், ஓர் ஏரியின் வேலையைத் தன் குறுகிய உடலில் செய்ய முடியாமல் திணறியது. ஜி.என். செட்டி சாலையை ஒட்டிய ஒரு தெருவில் தரைத்தளத்தில் வசிக்கும் என் நண்பர், வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய புத்தகங்களில் பாதியைக் குப்பை வண்டியில் ஏற்றினார். அவர் அந்த வீட்டை வாங்கியது 1990-களில். ஏரியை விற்ற லாபத்தில் அவருக்குப் பங்கில்லை. செலவில் மட்டும் பங்கு வந்து சேர்ந்தது.

விளையாட்டின் கருவூல ஏட்டில் வரவும் செலவும் ஒரே அரசனுடையவை. இன்று செய்த தவறின் விலையை நாளை அவனே கொடுத்தாக வேண்டும். நிலத்துக்கு விலை உள்ள நகரத்தில் அப்படியல்ல. வரவு ஒரு தலைமுறையின் பத்திரத்தில் ஏறுகிறது. செலவு இன்னொரு தலைமுறையின் வாசலில் வெள்ளமாக வந்து நிற்கிறது.

இதற்குப் பொருளியல் நெடுநாளாகவே ஒரு மருந்து சொல்லிவருகிறது. பொதுப்பணத்தால் உயரும் நில மதிப்பில் ஒரு பங்கு பொதுக் கருவூலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதே அது. அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ் சொன்னதை, சீனக் குடியரசின் தந்தை சுன் யாட் சென் தன் கொள்கைகளுள் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டார். இன்று மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி பனகல் பூங்காவையும் மயிலாப்பூரையும் தோண்டிக்கொண்டிருக்கிறது. ரயில் ஓடத் தொடங்கும்போது இருபுறமும் நிலத்தின் விலை உயரும். உயரமான கட்டடங்கள் எழும். கூடுதல் தளப் பரப்புக்கு அரசு இப்போதே கட்டணம் வாங்குகிறது. அந்தத் தொகையில் ஒரு நிலையான பங்கை, அதே பகுதியின் கால்வாய்க்கும் குளத்துக்கும் மழைநீர்ச் சேமிப்புக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று விதி செய்யலாம். வார்டுவாரியாக அந்த வரவு-செலவை ஆண்டுதோறும் வெளியிடலாம். இதற்குப் புதிய வரி தேவையில்லை. தனிக் கணக்கு ஒன்று போதும்.

தெற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. 2022-இல் ராம்சர் தகுதி பெற்ற அந்த நிலத்தின் விளிம்பிலும் மனை விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. மாம்பலத்தில் ஏரியை வடித்தவர்களுக்கு, அதன் விலை என்னவென்று தெரிந்திருக்க வழியில்லை. 2015-ஐயும் 2019-ஐயும் 2021-ஐயும் பார்த்துவிட்ட நமக்கு அந்தச் சாக்கு இல்லை. நீர்நிலை ஓரத்தில் ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு அடுத்த கோப்பு வரும்போது, அந்த இடம் இன்று எவ்வளவு மழைநீரைத் தாங்குகிறது, நாளை அந்த நீர் யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்ற கணக்கு அதே கோப்பில் இருக்க வேண்டும். அது இல்லாத கோப்பில் கையெழுத்து விழக்கூடாது.