சவரச் சோப்பும் நுரையும்

முடி திருத்துபவர் கிண்ணத்துச் சோப்பில் பிரஷை நாலு சுற்றுச் சுற்றுகிறார். தயிர்போலக் கெட்டியான நுரை பொங்கி வருகிறது. அதே சோப்பை வீட்டில் வாங்கி வைத்தால், முதல் நாள் நன்றாக நுரைக்கிறது. பத்தாம் நாள் சோப்பு கல்லாகிவிடுகிறது. அல்லது அடியில் கொழகொழவென்று ஊறிக் கிடக்கிறது. நுரையோ சலசலவென்று பெரிய குமிழிகளாய் எழுந்து, கன்னத்தில் தடவி முடிப்பதற்குள் அடங்கிவிடுகிறது. சோப்புக் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று திட்டுவதற்கு முன், இதிலுள்ள வேதியியலைக் கொஞ்சம் பார்ப்போமா?

இன்று பலர் குழாயில் அடைத்த கிரீமுக்கு மாறிவிட்டார்கள். ஆயினும் வில்லைச் சோப்பு மறைந்துவிடவில்லை. சிக்கனத்தில் அதற்கு ஈடு இல்லை என்பது என் கருத்து.

முதலில், நுரை எதற்கு? வெறும் அழகுக்கா? இல்லை. தாடிமயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உலர்ந்த நிலையில் அது விறைப்பாக இருக்கும். தண்ணீர் உள்ளே புகுந்ததும், புரதச் சங்கிலிகளைப் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் பல விட்டுப்போகின்றன. முடி ஊறி, அதன் குறுக்களவு ஏறத்தாழ 15 விழுக்காடு பெருக்கிறது. வளையவும் வெட்டுப்படவும் இணங்குகிறது. ஆனால் இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். வெறுந்தண்ணீரை முகத்தில் அடித்தால் அதுவரை நிற்குமா? வழிந்துவிடும், அல்லது காய்ந்துவிடும். நுரை அந்தத் தண்ணீரை முடியின் அடியிலேயே பிடித்து வைக்கிறது. பிளேடு தோலைக் கீறாமல் வழுக்கிச் செல்லவும் உதவுகிறது. நுரை கெட்டால் ஊறாத முடியைப் பிளேடு இழுக்கும்; தோல் கீறும்; கீறலில் கிருமி புகும்.

கொழுப்பைக் காரத்துடன் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் கெட்டியான சோப்பு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் மிருதுவான சோப்பு. சவரச் சோப்பில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம் 12 கார்பன் அணுக்கள் கொண்டது. அதன் சோப்பு விரைவில் பெருங்குமிழிகளாக நுரைத்து விரைவில் அடங்கும். ஸ்டியரிக் அமிலத்தில் 18 கார்பன் அணுக்கள். அதன் சோப்பு மெதுவாக நுரைக்கும். ஆனால் குமிழிகள் சிறியவை, நெருக்கமானவை, நெடுநேரம் நிற்பவை. சவரத்துக்கு வேண்டியது இதுவே. ஆனால் ஒரு சங்கடம்: சோடியம் ஸ்டியரேட் குளிர்ந்த தண்ணீரில் அநேகமாகக் கரைவதே இல்லை! காய்ந்த வில்லையில் தண்ணீர் தொட்ட பிரஷைத் தேய்த்தவுடன் நுரை வராததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

குமிழியின் சுவர் என்பது இருபுறமும் சோப்பு மூலக்கூறுகள் அணிவகுத்த ஒரு மெல்லிய நீர்ப்படலம். படலத்து நீர் வடிய வடிய அது மெலிந்து உடைகிறது. பெல்ஜிய அறிஞர் ஜோசப் பிளாட்டோ இப்படலங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1873இல் பெரிய நூலாக வெளியிட்டார். அப்போது அவர் பார்வையை முற்றும் இழந்திருந்தார் என்பது வியப்பு! பிறர் பார்த்துச் சொல்ல, அவர் சிந்தித்தார். படலம் நெடுநேரம் நிற்க அவர் சோப்புக் கரைசலில் கிளிசரின் சேர்த்தார். நீர் வடிவதையும் காய்வதையும் கிளிசரின் தாமதப்படுத்துகிறது. சவரச் சோப்பிலும் அது இருப்பது இதனால்தான்.

அடுத்த எதிரி கடினநீர். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள ஆழ்குழாய்த் தண்ணீர் நம் ஊர்களில் அபூர்வமன்று. அத்தகைய ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள கால்சியம் ஏறத்தாழ 1.8 கிராம் சோடியம் ஸ்டியரேட்டை விழுங்கிவிடும். கிண்ணத்தில் இருப்பது 20 மில்லிலிட்டர்தானே, 37 மில்லிகிராம் போனால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போன சோப்பைவிட வந்த திரிதான் தொல்லை. கால்சியம் சோப்பு தண்ணீரில் கரையாது, தண்ணீரோடு ஒட்டவும் ஒட்டாது. அதன் துகள் படலத்தில் சிக்கினால் அந்த இடத்திலேயே படலம் கிழிகிறது. பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்; இல்லையேல் கொதிக்க வைத்துத் தெளிய விட்ட தண்ணீர். கொதிக்க வைத்தால் தற்காலிகக் கடினத்தன்மையாவது நீங்கும்.

இனிச் செய்முறை. வில்லை கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் உருண்டால், அதைத் துருவி, சில சொட்டு வெந்நீர் தெளித்து, கிண்ணத்தில் அழுத்தி அமர்த்திவிடலாம். அகன்ற பரப்பு கிடைக்கும். சவரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் சோப்பின் மேல் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான நீர் ஊற்றி வையுங்கள், மேலடுக்கு இளகும். பிறகு அந்த நீரை வடித்துவிட்டு, நனைத்து உதறிய பிரஷால் அரை நிமிடமாவது சுற்றுங்கள். பிரஷில் பசைபோல் ஏறிய பின்புதான் தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக. எல்லாரும் தவறுவது இங்கேதான்: முதலிலேயே தண்ணீரைக் கொட்டினால் சோப்பு குறைந்த, காற்று மிகுந்த நுரைதான் வரும்.

முடிந்ததும் கிண்ணத்து நீரை வடித்து, திறந்தபடியே காய விடுங்கள். ஈரத்தோடு மூடினால் சோப்பு கூழாகும். தினமும் கொஞ்சம் வீணாகும். வெயிலில் வைப்பதும் தவறு. மேற்பரப்பு மட்டும் சடுதியில் சுருங்கி வெடிப்பு விடும். செம்பு, இரும்புப் பாத்திரம் வேண்டாம். அவ்வுலோகங்கள் கொழுப்பு சிக்கடிப்பதைத் துரிதப்படுத்தும். பீங்கானோ கண்ணாடியோ போதும்.

பிரஷையும் அலசி உதறிக் காய வைக்க வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத குதிரைமயிர்ப் பிரஷ்களால் பலருக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியது. சிலர் இறந்தும் போனார்கள். அதன் வித்துகளைச் சோப்பு நுரை கொல்லாது. இன்றைய பிரஷ்களில் அந்த அச்சம் இல்லை. எனினும் ஒருவர் பிளேடை மற்றவருக்குப் பயன்படுத்தக் கூடாது. மஞ்சட்காமாலை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ்-பி வைரஸ் கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று நீங்களே சோதிக்கலாம். சிறிது சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவான மூன்று புட்டிகளில் மழைநீர், குழாய் நீர், கொதிக்க வைத்துத் தெளிந்த குழாய் நீர் ஆகியவற்றைச் சம அளவில் எடுத்து, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். இரண்டு நிமிடம் நுரை நிலைத்து நிற்க எத்தனை சொட்டு ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு தற்காலிகக் கடினத்தன்மை. மூன்றாவதற்கும் முதலாவதற்கும் உள்ள வேறுபாடு, கொதித்தும் போகாதது.