ஓடுற கியர்பாக்ஸைத் தொடலாமா? பழைய ஆட்டோமேட்டிக் காரும் மாத்தாத ஆயிலும்

(எபிசோடில் பேசியதைச் சுருக்கி, படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

ஐடி கம்பெனியில இருக்கறவங்களுக்கு இது தெரியும். ஆபீஸ்ல ஒரு பழைய சர்வர் இருக்கும். ஏழெட்டு வருஷமா ஓடிட்டிருக்கும். அதை செட் பண்ணவர் எப்பவோ பேப்பர் போட்டுட்டுப் போயிருப்பார். ‘இதை அப்டேட் பண்ணலாமா’ன்னு யாராவது கேட்டா, ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும், தொடாதே’ன்னு ஒரே பதில்தான் வரும்.

எங்க வீட்டு வாசல்ல அப்படி ஒண்ணு நிக்குது. 2010 மாடல் ஹோண்டா சிட்டி, 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அப்பாவுக்கு இடது முழங்கால்ல ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் கிளட்ச் மிதிக்க முடியலை. அவர் யாரையும் எதிர்பார்க்காம வெளியே போகணும்னா இந்த வண்டி ஓடணும்.

போன வருஷம் மீட்டர் 96,000 கிலோமீட்டரைத் தாண்டினப்போ ரெண்டு விஷயம் கவனிச்சேன். இரண்டாவது கியர்ல இருந்து மூணாவதுக்கு மாறும்போது ஒரு உதறல். ரிவர்ஸ் போட்டா ‘டொக்’னு ஒரு சத்தம். சர்வீஸ் பில்லெல்லாம் எடுத்துப் பார்த்தேன். இன்ஜின் ஆயில் மாத்தினது இருக்கு, பிரேக் பேட் மாத்தினது இருக்கு. கியர்பாக்ஸ் ஆயில் மாத்தினதா ஒரு வரிகூட இல்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்ல கேட்டேன். ‘தம்பி, இத்தனை நாள் மாத்தாததை இப்போ மாத்தினா கியர்பாக்ஸ் உக்காந்துடும். விட்டுடுங்க’ன்னார். இன்னொரு இடத்துல, ‘மெஷின் போட்டு பிரஷர்ல மொத்தமா ஃப்ளஷ் பண்ணிடலாம் சார்’னாங்க. அப்பா ஒரே வரியில முடிச்சார்: ‘டேய், ஓடிட்டிருக்கறதைக் கெடுத்துடாதடா.’ அவர் பயத்துலயும் நியாயம் இருக்கு. இந்த வயசு காருக்கு கியர்பாக்ஸ் போச்சுன்னா, சரி பண்ற செலவுக்குப் பேசாம வேற பழைய கார் பார்க்கலாம்னு தோணிடும்.

அப்போ யார் சொல்றது சரி?

அந்த ஆயில் உள்ளே என்ன பண்ணுது?

இன்ஜின் ஆயிலோட முக்கிய வேலை உராய்வைக் குறைக்கறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல இருக்கற ஏடிஎஃப் அதோட நிக்கறதில்லை. இன்ஜினோட சக்தியே அது வழியாத்தான் கியர்பாக்ஸுக்குப் போகுது.

ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்க. ஒண்ணை மட்டும் ஆன் பண்ணுங்க. அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும். டார்க் கன்வெர்ட்டர் வேலை செய்யறது கிட்டத்தட்ட இப்படித்தான். காத்துக்குப் பதிலா அங்கே ஏடிஎஃப். கியர் மாத்தற கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கறதும் இதே ஆயிலோட பிரஷர்தான். உள்ளே வர்ற சூட்டை வெளியே கொண்டு போறதும் இதுதான்.

இன்னொரு வேலையும் இருக்கு. கிளட்ச் பிளேட் எவ்வளவு வழுக்கணும், எப்போ கவ்வணும்னு முடிவு பண்ற சில வேதிப்பொருட்களை இதுல கலந்திருப்பாங்க. நாளாக ஆக அது தேய்ஞ்சுடும். அப்போ கியர் மாறும்போது உதறல் வரும். ‘கியர்பாக்ஸ் போச்சு’ன்னு நாம நினைக்கறதுல சில கேஸ் வெறும் ஆயில் பழசானதா இருக்கும்.

ஆயிலைப் பழசாக்கறதுல பெரிய பங்கு சூட்டுக்கு. ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் ஆயில் ஆக்ஸிஜனேற்றம் அடையற வேகம் தோராயமா ரெட்டிப்பாகும்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. மே மாசம் ஓஎம்ஆர்ல ஒவ்வொரு சிக்னலா நின்னு நின்னு போற வண்டியை நினைச்சுப் பாருங்க. ‘வாழ்நாள் முழுக்க மாத்தவே வேண்டாம்’னு சில கம்பெனிகள் சொல்ற ஆயிலுக்கும் இதே கதிதான். யாரோட வாழ்நாள்ங்கறதுதான் கேள்வி.

‘மாத்தினா போயிடும்’ங்கற பயம் எங்கிருந்து வந்துச்சு?

பல பேர் கியர்பாக்ஸ் வழுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் ஆயிலைப் பத்தியே யோசிக்கறாங்க. அந்த நேரத்துல கிளட்ச் பிளேட் ஏற்கெனவே தேய்ஞ்சிருக்கும். ஆயில் மாத்தறாங்க, அடுத்த மாசம் வண்டி நிக்குது. பழி புது ஆயில் மேல. சாகப் போற சர்வரை ரீஸ்டார்ட் பண்ணவன்தான் அதைக் கொன்னான்னு சொல்ற மாதிரி.

ஆனா அந்தப் பயத்துல பாதி உண்மையும் இருக்கு. வருஷக்கணக்கா உள்ளே படிஞ்ச அழுக்கை பிரஷர் குடுத்து ஒரேயடியா கிளப்பினா, அது வால்வ் பாடியோட நுணுக்கமான வழிகள்ல போய் மாட்டிக்க வாய்ப்பு உண்டு. அதனால பழைய வண்டிக்கு மெஷின் ஃப்ளஷ் வேண்டாம்னு நான் முடிவு பண்ணேன். அதுக்குப் பதிலா ‘டிரெயின் அண்ட் ஃபில்’. தானா இறங்கறதை இறக்கு, அதே அளவு புதுசை ஊத்து.

இதுல மொத்த ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டருக்குள்ள நிறைய தங்கிடும். கணக்குக்கு மொத்தம் 5.5 லிட்டர், ஒரு தடவை இறங்கறது 2.5 லிட்டர்னு வெச்சுக்குவோம். முதல் தடவைக்கு அப்புறம் பழைய ஆயில் 55 சதவீதம் மிச்சம். ரெண்டாவது தடவைக்கு அப்புறம் 30. மூணாவதுக்கு அப்புறம் 16. நடுவுல சில நூறு கிலோமீட்டர் ஓட்டினா புதுசும் பழசும் நல்லா கலக்கும். ஒரேயடியா மாத்தாம, படிப்படியா மாத்தற ரோல்அவுட் மாதிரி.

முதல்ல டெஸ்ட் பண்ணுங்க

ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை எடுத்து ஒரு வெள்ளை டிஷ்யூல ஒரு சொட்டு வையுங்க. புது ஆயில் பளிச்சுனு சிவப்பா இருக்கும். பழுப்பா இருந்தா வயசாயிடுச்சு, மாத்தலாம். கறுப்பா, கருகின வாசனையோட இருந்து, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்தி வண்டி நகர யோசிக்குதுன்னா நிறுத்திடுங்க. அது ஆயில் பிரச்சினையைத் தாண்டிடுச்சு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட காட்டுங்க. எங்க வண்டியில ஸ்ட்ராங் டீ கலர், கருகல் வாசனை இல்லை. அதனால இறங்கினேன்.

இன்னொண்ணு, உங்க கார்ல இருக்கறது எந்த வகை ஆட்டோமேட்டிக்? நம்ம ஊர்ல கிளட்ச் பெடல் இல்லாத எல்லாத்தையும் ஆட்டோமேட்டிக்னுதான் சொல்றோம். ஏஎம்டின்னா உள்ளே இருக்கறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். சிவிடிக்குத் தனி ஆயில், டிசிடிக்குத் தனி ஆயில். சிவிடியில ஏடிஎஃப் ஊத்தினா பெரிய செலவு. ஒரே பேர்ல வந்த கார்லகூட இது மாறும். 2010 சிட்டிக்கு டார்க் கன்வெர்ட்டர், 2014ல வந்த சிட்டிக்கு சிவிடி. ஓனர்ஸ் மேனுவல்ல என்ன ஆயில்னு போட்டிருக்கோ அதைத்தான் வாங்கணும். எங்க வண்டிக்கு ஹோண்டா டிடபிள்யூ-1. பழைய இசட்-1 ஆயிலுக்குப் பதிலா வந்தது இது.

மாத்தற வேலை

பத்து நிமிஷம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கினேன். ரொம்ப சூடா இருந்தா கை வெந்துடும். சமதரை, பார்க்ல கியர், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. வண்டியைத் தூக்கினா ஸ்டாண்ட் வெச்சே ஆகணும். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்குக் கீழே போகாதீங்க. இடமும் சாமானும் இல்லேன்னா தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல பக்கத்துல நின்னு செய்ய வைங்க. அதுல ஒரு குறைச்சலும் இல்லை.

அடுத்தது முக்கியமான விதி. புது ஆயில் ஊத்தற வழியை முதல்ல திறந்து பாருங்க, அப்புறம்தான் டிரெயின் போல்ட்டைத் தொடணும். ஆயிலையெல்லாம் இறக்கிட்டு, ஊத்தற மூடி துருப்பிடிச்சுத் திறக்கலைன்னா வண்டி அங்கேயே நிக்கும்.

சரியான போல்ட்டான்னும் பாருங்க. இன்ஜின் ஆயில்னு நினைச்சு கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினவங்க நிறைய பேர். ஹோண்டாவுல கியர்பாக்ஸ் டிரெயின் போல்ட்டுக்கு நடுவுல சதுரக் குழி இருக்கும். 3/8 இன்ச் ராட்செட் நேரா அதுல உக்காரும்.

போல்ட்டோட முனையில காந்தம் உண்டு. அதுல சாம்பல் நிறத்துல மை மாதிரி படிஞ்சிருந்தா சாதாரணத் தேய்மானம். விரல்ல உருட்டினா குத்தற மாதிரி இரும்புத் துண்டு இருந்தா அது கெட்ட செய்தி. எங்களுக்கு வெறும் மை. துடைச்சு, புது வாஷர் போட்டு, டார்க் ரெஞ்ச்ல 49 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன்.

இறங்கின ஆயிலை அளவுக்கோடு போட்ட பாட்டில்ல அளந்தேன். எவ்வளவு வந்துச்சோ அவ்வளவே புதுசு. நீளக் குழாய் வெச்ச புனல்ல மெதுவா ஊத்தணும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை அழுத்திக்கிட்டே பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ்னு ஒவ்வொண்ணுலயும் சில நொடி நிறுத்தினேன்.

நான் சொதப்பின இடம்

லெவல் பார்க்கறதுல சொதப்பினேன். வேற கம்பெனி காருக்குப் போட்ட ஒரு வீடியோவைப் பார்த்துட்டு, இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக் எடுத்தேன். கம்மியா காட்டுச்சு. அளந்து ஊத்தினதை நம்பாம இன்னும் அரை லிட்டர் ஊத்தினேன்.

பல கார்ல இன்ஜின் ஓடும்போதுதான் பார்க்கணும். ஹோண்டாவுல அப்படி இல்லை. ரேடியேட்டர் ஃபேன் ஓடற அளவுக்கு சூடாக்கி, இன்ஜினை நிறுத்தி, 60 முதல் 90 நொடிக்குள்ள பார்க்கணும். சரியான முறையில பார்த்தப்போ மேல் கோட்டைத் தாண்டி நின்னுச்சு. ஆயில் கூடினா சுத்தற பாகங்கள் அதைக் கடைஞ்சு நுரையாக்கிடும், நுரையில பிரஷர் நிக்காது. மருந்துக்கடையில பெரிய சிரிஞ்ச் வாங்கி, மெல்லிய குழாய் மாட்டி, டிப்ஸ்டிக் வழியா உறிஞ்சி எடுத்தேன். மேனுவல்ல ஒரே ஒரு பக்கம் படிச்சிருந்தா ஒரு சாயங்காலம் மிச்சமாயிருக்கும். டிப்ஸ்டிக்கே இல்லாத கார்கள்ல குறிப்பிட்ட வெப்பநிலையில லெவல் பார்க்கணும். அதை ஒர்க்‌ஷாப்ல விட்டுடறது நல்லது.

பழைய ஆயிலை சாக்கடையில ஊத்தாதீங்க. சட்டப்படி அது அபாயக் கழிவு. மூடின கேன்ல, பழைய ஆயில் சேர்த்து ரீசைக்கிளிங்குக்கு அனுப்பற ஒர்க்‌ஷாப்ல குடுங்க.

ரிசல்ட்

முதல் ரவுண்டுல பெரிய வித்தியாசம் தெரியலை. ரெண்டாவதுக்கு அப்புறம் உதறல் குறைஞ்சுது, மூணாவதுக்கு அப்புறம் தேடினாத்தான் தெரியுது. ரிவர்ஸ்ல வந்த ‘டொக்’ அப்படியே இருந்துச்சு. காட்டினப்போதான் தெரிஞ்சுது, அது கியர்பாக்ஸே இல்லை, இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிஞ்சிருக்கு. எல்லா வியாதிக்கும் ஆயில் மருந்தில்லை.

அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாம சாவியைக் குடுத்தேன். மயிலாப்பூர் வரைக்கும் போயிட்டு வந்தவர், ‘சொன்ன பேச்சு கேக்குதுடா’ன்னார். அதோட சரி, பாராட்டு முடிஞ்சுது.

கடைசியா ஒரு வேலை பண்ணேன். தேதி, கிலோமீட்டர், ஆயில் பேர், ஊத்தின அளவு, லெவல் பார்க்கற முறை, எல்லாத்தையும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டினேன். எனக்கு அந்த வண்டியோட வந்த பெரிய பிரச்சினையே, முன்னாடி என்ன நடந்துச்சுன்னு யாரும் எழுதி வைக்காததுதான். அடுத்து அதைத் திறக்கறவங்களுக்கு அந்தப் பிரச்சினை இருக்காது.

உங்க வீட்டு வண்டியில கடைசியா எப்போ ஏடிஎஃப் மாத்தினாங்கன்னு இன்னிக்கே பில்லைத் தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.