குளம் அருகில்தான் இருக்கிறது



பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக உடல்நலமின்றிக் கிடந்த ஒருவரை யோவான் நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். குளம் அவருக்கு அருகில்தான் இருந்தது. அதில் இறக்கிவிடத்தான் ஆளில்லை.

கம்பைநல்லூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் மாற்றுத்திறனாளிகள் பலரின் நிலையும் இதுதான். அரசின் உதவிகள் தருமபுரியில் இருக்கின்றன, சட்டமும் இருக்கிறது. ஆனால் படுக்கையில் இருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏற வேண்டும், அன்றைய கூலியை இழக்க வேண்டும், எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் அலைய வேண்டும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் இளையவர்கள் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் இந்த அலைச்சல் முழுவதும் வயதான பெற்றோரின் தலைமேல் விழுகிறது. எனவே எதை, எங்கே, எப்படிக் கேட்க வேண்டும் என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை ஊனங்கள் மட்டுமே இருந்தன. புதிய சட்டம் அவற்றை 21 ஆக்கியது. புறவுலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசம், தசைச் சிதைவு நோய், அரிவாள் செல் சோகை, பார்க்கின்சன் நோய் ஆகியவையும் இன்று இப்பட்டியலில் உள்ளன. முன்பு ஒருமுறை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதல் படி, யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. இதற்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவரின் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். 40 விழுக்காட்டுக்குக் குறைவான பாதிப்புக்கு வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம் என அட்டையின் நிறம் அமையும். பெரும்பாலான உதவிகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு தேவை. சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மேல்முறையீடு செய்யச் சட்டம் இடம் தருகிறது.

அடுத்து, நம் மக்களை மிகவும் குழப்புவது மாத உதவித்தொகை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோய் பாதிப்பு, கடுமையான உடல் பாதிப்பு போன்றவை உள்ளவர்களுக்கு உரியது. இது 1500 ரூபாயிலிருந்து 2000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். மற்றொன்று, வறுமையில் வாடும் மாற்றுத்திறனாளிகளுக்கு வருவாய்த்துறை தரும் ஓய்வூதியம். இதற்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியர் அலுவலகமும் விசாரிப்பார்கள். ஒரு துறைக்கு உரிய மனுவை மற்றொரு துறையில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

தொகை போதவில்லை என்ற குறையும் நியாயமானதே. அண்டை மாநிலமான ஆந்திரத்தில் 2024-இல் மாற்றுத்திறனாளிகளின் ஓய்வூதியம் 6000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் உயர்த்த வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் போராடி வந்துள்ளன. அவர்கள் பிச்சை கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறார்கள்.

"எங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?" என்பது அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலரது நெஞ்சை அரிக்கும் கேள்வி. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவை உள்ளவர்களுக்கு, 18 வயது நிறைந்தபின், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கிறது. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகிறது.

பங்குச் சமூகமாக நாம் செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் அட்டை இல்லாத மாற்றுத்திறனாளிகள் யார் என்று சாதி, சமயம் பாராமல் கணக்கெடுக்கலாம். வீடு சந்திக்கும் மரியாயின் சேனையினர் ஆதார், குடும்ப அட்டை, நிழற்படம், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரு பையில் சேர்த்து வைக்க உதவலாம். கணினி தெரிந்த இளையோர் விண்ணப்பத்தைப் பதிவு செய்து, அதன் எண்ணைக் குறித்துத் தரலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளுக்கு ஒருவர் உடன் செல்லலாம். நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் கொண்டுவரப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் சட்டம் திருத்தப்பட்டது. கம்பைநல்லூர் போன்ற பேரூராட்சிகளிலும் அவர்களது குரல் ஒலிக்க இது வழி திறந்திருக்கிறது.

ஞாயிறு திருப்பலிக்கு வராதவர்களை எண்ணும்போது, வர இயலாதவர்களையும் எண்ணுவோம். இந்த வாரம் அப்படி ஒரு வீட்டின் கதவைத் தட்டி, "அட்டை வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்போம். இல்லை என்றால், அவரோடு தருமபுரிக்குச் செல்லும் நாளை அங்கேயே குறிப்போம்.