புரட்சியும் காலமறிதலும்

மக்கள் துன்புறுவதனாலேயே புரட்சி வெற்றி பெறும் என்று கருதுவோர் பலர். துன்பம் ஒன்றே போதுமாயின், உலகிற் புரட்சி நிகழாத நாளே இராது. சினம் வித்துப் போன்றது; அது முளைப்பதற்கு நிலமும் நீரும் பருவமும் வேண்டும். அந்நிலைமைகள் யாவை என்பதை இலங்கையின் வரலாற்றைக் கொண்டே ஆராயலாம்.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். செயலின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவரின் வலி ஆகிய நான்கினையும் சீர்தூக்கிச் செயலில் இறங்குக என்பது அவர் கருத்து. அரசனுக்கு உரைத்த இவ்விதி அரசை எதிர்ப்போருக்கும் பொருந்தும்.

முதல் நிலைமை மாற்றான் வலி குன்றுதலாகும். 1917இல் உருசியப் பேரரசு நீண்ட போரினால் நலிந்திருந்தது. தலைநகரில் உணவுக்காகத் திரண்ட மக்களைச் சுடுமாறு ஏவப்பட்ட படையினர் மக்களுடன் சேர்ந்தனர், மன்னராட்சி வீழ்ந்தது. கியூபாவிலும் பட்டிஸ்டாவின் படை ஊக்கம் இழந்த பின்னரே 1959இல் காஸ்ட்ரோவின் இயக்கம் வென்றது.

இரண்டாவது, சட்டவழி அடைபட்டிருத்தல். வாக்கினால் அமைந்த அரசு சட்டத்தின் தோற்றத்தையேனும் பேணும் நாட்டில் ஆயுதப் போர் எழுவது அரிது என்று சேகுவேராவே 1960இல் எழுதினார். மூன்றாவது, பல வகுப்பினரும் ஒன்றுபடும் துணைவலி.

இவற்றை உரைகல்லாகக் கொண்டு 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை நோக்குவோம். படித்தும் வேலையற்ற கிராமத்துச் சிங்கள இளைஞரின் சினம் உண்மையானது. ஆயினும், 1970 மே மாதத்தில் மூன்றிலிரண்டுக்கு மேற்பட்ட பெரும்பான்மையுடன் ஐக்கிய முன்னணி அரசு பதவியேற்று ஓராண்டு கூட நிறைவுறவில்லை. பழைய இடதுசாரிக் கட்சிகளும் அவ்வரசிலேயே இருந்தன. மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் ரோகண விஜேவீர மார்ச்சிலேயே சிறைப்பட்டார். ஏப்பிரல் 5ஆம் நாள் பொலிஸ் நிலையங்கள் பல தாக்கப்பட்டன. எனினும் படை பிளவுபடவில்லை. தம்முள் மாறுபட்ட இந்தியா, பாக்கிஸ்தான், பிரித்தானியா, சோவியத் நாடு ஆகிய யாவும் அரசுக்கே உதவின. சில வாரங்களில் கிளர்ச்சி ஒடுங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர் மாண்டனர்.

அவர்களுக்குத் துணையாகியிருக்கக்கூடியோர் மலையகத் தொழிலாளர். ஆனால் அவ்வியக்கத்தின் ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விரிவாதிக்கம் பற்றியது. அது தோட்டத் தொழிலாளரை அயலவரின் கருவியாகவே காட்டிற்று. நாட்டில் மிகுதியாக ஒடுக்கப்பட்டோரை விலக்கிய புரட்சி தன் துணைவலியைத் தானே வெட்டிக்கொண்டது.

இனி, அத்தொழிலாளர் ஏன் ஆயுதம் ஏந்தவில்லை? 1947இல் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைத் தலவாக்கலைத் தொகுதியினின்று பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர் அவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்தம் வாக்கைப் பறித்தன. சட்டவாயில் அடைபட்டது உண்மையே. ஆனால் வேலை போயின் லயன் அறையும் போகும். அண்டைக் கிராமங்களும் அவர்க்குத் துணையாகவில்லை. 1964இல் இரு அரசுகள் அவர்களைக் கேளாமலே பங்கிட்டுக்கொண்டன. இந்நிலையில் கொழுந்து பறிக்கும் கையை நிறுத்துதலே அவர்களின் படைக்கலமாயிற்று. இதனைக் கோழைமை என்னல் தகாது. 1977 மே மாதத்தில் தோட்டக் காணிகளைப் பிறர்க்குப் பகிர்ந்தளிப்பதை எதிர்த்தபோது, தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை வழங்கின.

வரலாற்றின் விந்தை மற்றொன்று உண்டு. 1971இலும், மீண்டும் 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதத்தால் தோற்ற அதே முன்னணி, 2024இல் தான் தலைமை தாங்கிய கூட்டணியுடன் வாக்கினால் ஆட்சியைப் பெற்றது. 2022இன் பொருளாதார வீழ்ச்சி பழைய ஆளுங்கட்சிகளின் வலியைக் குன்றச் செய்திருந்தது. நுவரெலியா மாவட்டத்திலும் அக்கூட்டணியே பொதுத் தேர்தலில் முதலிடம் பெற்றது. அன்று விலக்கப்பட்டோரின் வாக்கும் இன்று அவ்வெற்றியிற் சேர்ந்தது. காலமும் துணையும் கூடாதவிடத்துத் துப்பாக்கியாலும் ஆகாதது, அவை கூடியவிடத்து வாக்குச் சீட்டினாலேயே ஆயிற்று என்க.