ரகுநாதாச்சாரியார் கண்ட முதிய விண்மீன்

தை மாதத்து நிலவில்லா இரவில், ஒன்பது மணியளவில், செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரக் கடற்கரையில் தெற்கு நோக்கி நிற்பவரின் கண்ணை முதலிற் கவர்வது அகத்திய மீனாகும். அதற்கு வலப்புறத்தே, அதனினும் தாழ, தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 14 பாகை உயரத்தில் வலை மண்டலம் என்னும் சிறு மீன்கூட்டம் உள்ளது. இலண்டன் மாநகரத்தார் அதனைத் தம் ஊரிலிருந்து ஒருநாளும் காண இயலாது. 'ஆர் ரெட்டிக்குலி' என்னும் விண்மீன் அக்கூட்டத்தைச் சேர்ந்தது.

அதன் ஒளி மாறுகின்றது என்பதை 1867-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர், சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் தோன்றிய அவர், நுங்கம்பாக்கத்தில் போக்சன் என்னும் ஆங்கில அறிஞரின்கீழ் விண்மீன்களின் இருப்பிடங்களை இரவுதோறும் அளந்து குறித்து வந்தார். சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் ஆயிரக்கணக்கான புள்ளிகளுள் ஒன்று ஒளி குன்றியதை உணரும் கண் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

அம்மீன் ஒரு செம்பெருமீன். அஃதாவது முதுமையுற்ற விண்மீன். விண்மீனின் நடுவிலுள்ள ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதாலேயே அது நெடுங்காலம் ஒளிர்கின்றது. நடுவிலுள்ள ஹைட்ரஜன் தீர்ந்தபின் உட்பகுதி சுருங்கி மேலும் வெப்பமுறும்; மேலடுக்குகளோ பன்மடங்கு பருத்துக் குளிரும். கொல்லன் உலையில் வெண்மையாகக் காய்ந்த இரும்பு ஆறும்போது சிவப்பதுபோல, அம்மீனும் சிவக்கின்றது. இத்தகைய முதிய மீன்களுட் சில மூச்சு விடுவதுபோல் விரிந்தும் சுருங்கியும் வரும். குளிர்ந்த வேளையில் டைட்டேனியம் ஆக்சைடு போன்ற சேர்மங்கள் மிகுந்து, கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மறைத்துவிடும். ஆகவே இம்மீனின் உச்ச ஒளி, குன்றிய ஒளியைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. நம் கதிரவனும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குப்பின் இந்நிலை எய்தி, மேலடுக்குகளை இழந்து, வெண்குறுமீனாய் எஞ்சும். புவியில் உயிர்கள் வாழும் காலம் அதற்கு நெடுநாள் முன்னரே முடிந்திருக்கும்.

கண்ணாற் கண்டதை நம்பிய ரகுநாதாச்சாரியார், பழைய வாய்பாடுகளால் கணித்த பஞ்சாங்கம் வானத்தோடு ஒவ்வாதவிடத்துத் திருத்தப்பட வேண்டும் என வாதாடினார். முன்னோர் கணிதத்தைத் தொடலாகாது என்று எண்ணியோர் மலிந்த காலம் அது. 1872-இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் வெள்ளி, கதிரவனைக் கடக்கவிருந்தபோது, பொதுமக்கள் அறியும்பொருட்டு முன்னதாகவே நூல் எழுதி வெளியிட்டார். 1880-இல் மறைந்தார்.

அவர் கண்ட மீன் ஏறத்தாழ 281 நாளைக்கு ஒருமுறை உச்ச ஒளி பெறும். அப்போதும் அது வெறுங்கண் பார்வையின் எல்லையிலேயே நிற்கும். இருகண் நோக்கி இருப்பின் நன்று. 281 நாள் ஓராண்டினும் குறைவாதலால் உச்சம் வெவ்வேறு மாதங்களில் நேரும். வைகாசியிலோ ஆனியிலோ நேர்ந்தால் அம்மீன் பகல் வானில் மறைந்திருக்கும். தையில் அமைந்தால் மாமல்லபுரத்து இருண்ட கரையிலிருந்து தேடலாம்.